ஒன்றுபோல் தெரிந்தும் ஒன்றாகாத சரங்கள்: பைடெஸ்ட் கருவி பற்றிய மதிப்பீடு

பைத்தான் மொழியில் எழுதப்படும் நிரல்களைச் சோதிக்கப் பெரும்பாலானோர் கையாளும் கருவி பைடெஸ்ட். ஹோல்கர் கிரெகெல் தொடங்கிவைத்து, பின்னர் பலர் சேர்ந்து வளர்த்துவரும் இந்தக் கட்டற்ற மென்பொருள் எம்ஐடி உரிமத்தின் கீழ் விலையின்றிக் கிடைக்கிறது. அதன் எல்லாத் திறன்களையும் இங்கே அலசப்போவதில்லை. சமமாக இருக்க வேண்டிய இரண்டு சரங்கள், அதாவது எழுத்துத் தொடர்கள், சமமில்லை என்று சோதனை தோற்றபின், அவை ஏன் சமமில்லை என்பதை இந்தக் கருவி எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்ற ஒரு கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். சர ஒப்பீட்டு வழுவுக்கு மற்ற வழுக்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. எண் தவறினால் திரையில் இரண்டு வேறு எண்கள் தெரியும். சரம் தவறும்போதோ, பல நேரங்களில் ஒரே சொல் மேலும் கீழுமாக இருமுறை அச்சாகி, இவை வேறு வேறு என்ற தீர்ப்பு மட்டும் அருகில் நிற்கும். அந்த நிலையில் ஒரு சோதனைக் கருவியின் தரத்தை முடிவு செய்வது அது காட்டும் சில வரிகள்தாம்.

பைடெஸ்டின் அடிப்படை ஏற்பாடு எளிமையானது. இது மெய்யாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தும் அசர்ட் கூற்றுகள் சோதனைக் கோப்பில் இருக்கும்; அவற்றை, அந்தக் கோப்பு ஏற்றப்படும்போதே அது திருத்தி எழுதிவிடுகிறது. ஆகவே ஒப்பீடு தோற்றால் இரு பக்க மதிப்புகளும் அதன் கையில் இருக்கும். இடப்பக்கம் நிரல் தந்த விடை, வலப்பக்கம் நாம் எதிர்பார்த்த விடை என்பது அது கொள்ளும் வழக்கம். முதலில் இரண்டையும் சமக்குறியின் இருபுறமும் நிறுத்திய சுருக்க வரி ஒன்று வரும். அதன் கீழே, பைத்தானின் டிஃப்லிப் நூலகத்தில் உள்ள என்டிஃப் செயற்கூற்றைக் கொண்டு உருவாக்கிய வேறுபாட்டுப் பட்டியல் வரும். அதில் கழித்தல் குறி எதிர்பார்த்திருந்தும் காணாமற்போனதையும், கூட்டல் குறி எதிர்பாராமல் வந்து சேர்ந்ததையும் சுட்டும். 2020இல் வெளிவந்த 5.4 பதிப்புக்கு முன் இந்தக் குறிகளின் பொருள் தலைகீழாக இருந்தது. பழைய பதிப்பில் இயங்கும் திட்டங்களைத் திறப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும், இல்லையேல் சரியாக இருக்கும் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்க நேரும்.

இந்த இரு பகுதிகளில் உண்மையான மதிப்பு உள்ளது சுருக்க வரியில்தான் என்பது என் கருத்து. பெரும்பாலோர் வண்ணம் தீட்டப்பட்ட வேறுபாட்டுப் பட்டியலுக்கே நேராகப் போகிறார்கள். ஆனால் சுருக்க வரி, மதிப்பை நிரலில் எழுதும் வடிவிலேயே தரும் ரெப்ர் செயற்கூற்றின் வழியாக அச்சிடப்படுவதால், அச்சிட இயலாதவை என்று பைத்தான் கருதும் எழுத்துகள் அனைத்தும் அங்கே பின்சாய்கோட்டுடன் கூடிய குறியீடாக வெளிப்பட்டுவிடுகின்றன. வரி முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும், எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு தரநிலையில் 13 என்ற எண்ணுடைய வரித்திருப்பு எழுத்து, இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்த உரையில் சாதாரண இடைவெளியைப் போலவே உட்கார்ந்திருக்கும் 160ஆம் எண்ணுடைய முறியா இடைவெளி, அகலமே இல்லாத 8203, கோப்பின் தொடக்கத்தில் சில செயலிகள் இட்டுவைக்கும் 65279 ஆகிய எல்லாம் இந்த ஒரு வரியிலேயே அகப்பட்டுவிடும். அதே எழுத்துகள் கீழே உள்ள பட்டியலில் உள்ளது உள்ளபடியே அச்சாவதால் கண்ணுக்குப் படுவதில்லை. இரு சரங்களில் ஏதேனும் ஒன்று வெறும் வெற்றிடங்களால் மட்டும் ஆனதாக இருந்தால் பட்டியலையும் ரெப்ர் வடிவில் தருவதாக பைடெஸ்டே அறிவித்துவிட்டு அப்படிச் செய்கிறது. அந்தக் கவனிப்பை மற்றச் சரங்களுக்கும் நீட்டியிருக்கலாம்.

எழுத்தாக மாற்றப்படாத மூலத் தரவாகிய பைட்டுத் தொடரையும் சரத்தையும் ஒப்பிட்டுவிடும் பழைய தவறும் சுருக்க வரியிலேயே புலப்படும், ஏனெனில் பைட்டுத் தொடரின் முன்னால் அதற்குரிய முன்னொட்டு எழுத்து நிற்கும். சமக்குறிக்குப் பதிலாக இஸ் என்ற சொல்லைக் கொண்டு ஒப்பிட்டவர்களுக்கும் இதே வரி போதும். இருபுறமும் ஒரே சரம், நடுவில் இஸ் என்று கண்டால், ஒப்பிடப்பட்டது உள்ளடக்கமன்று, நினைவகத்தில் உள்ள பொருளின் அடையாளமே என்பது விளங்கிவிடும். இவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கருவி உண்மையில் சோதிக்கப்படுவது தமிழ் போன்ற எழுத்துமுறைகளில்தான். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒகர உயிர்க்குறிக்கு 3018 என்ற தனி எண் உண்டு. அதே குறியை எகரக் குறியாகிய 3014, துணைக்காலாகிய 3006 என்ற இரண்டையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். இரண்டும் முற்றிலும் நிகரானவை என்று யூனிகோடு தரநிலை வரையறுக்கிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் பைத்தானின் சமக்குறி எண்களை மட்டுமே பார்க்கும். எனவே கொடி என்ற சொல் ஒரு கோப்பில் நான்கு எண்களாகவும் வேறொரு கோப்பில் ஐந்து எண்களாகவும் இருந்தால், ஒப்பீடு பொய் என்றே முடியும். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்துவைத்தது; கோப்புப் பெயர்களை ஒப்பிடும் சோதனை ஒரு கணினியில் வென்று மற்றொன்றில் தோற்றதற்கு அது ஒரு பெரிய காரணமாக இருந்தது. ஸ்விஃப்ட் மொழியில் இந்தச் சிக்கலே எழாது, ஏனெனில் அதன் சமக்குறி இந்த நிகர்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஒப்பிடுகிறது. பைத்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்த இடத்தில் பைடெஸ்ட் செய்யும் ஒரு காரியத்தை அதைப் பல காலம் பயன்படுத்துபவர்கள்கூட அறிந்திருப்பதில்லை. இரண்டு சரங்கள் சமமில்லை என்று தெரிந்ததும், அவை இரண்டையும் என்எஃப்டி எனப்படும் பிரித்த இயல்பு வடிவுக்கு மாற்றிப் பார்க்கிறது. மாற்றியபின் அவை சமமானால், இவற்றை அப்படியே அச்சிட்டால் பயனருக்கு எதுவும் விளங்காது என்று தானே உணர்ந்து, சுருக்க வரியில் ரெப்ருக்குப் பதிலாக ஆஸ்கி செயற்கூற்றைப் பயன்படுத்துகிறது. அப்போது கொடி என்ற சொல் தமிழ் எழுத்தாக வராமல், ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய பதினறும எண்ணாக இருபுறமும் விரிந்து வரும். ஒருபுறம் ஒரு குறி, மறுபுறம் இரண்டு குறிகள் என்பது பார்த்தவுடன் தெரியும். இந்த நடத்தைக்காகக் கருவியின் சொந்தச் சோதனைத் தொகுப்பிலேயே ஒரு ஃபின்னிஷ் சொல்லை இரு வடிவங்களில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பைத்தானுடனேயே வரும் யூனிட்டெஸ்ட் நூலகத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அங்கே இரண்டு பக்கமும் கொடி, கொடி என்றே நிற்கும். எனக்குத் தெரிந்த வரையில், பைடெஸ்டை மற்றதைவிட மேலானது என்று சொல்ல இந்த ஒரு நுணுக்கமே போதும்.

ஆனால் அந்த அக்கறை முதல் வரியோடு நின்றுவிடுகிறது. கீழே வரும் பட்டியலில் கழித்தல் குறியோடு ஒரு கொடியும் கூட்டல் குறியோடு மற்றொரு கொடியும் எந்த மாற்றமும் இன்றி அச்சாகின்றன. வேறுபடும் இடத்தைச் சுட்டும் கேள்விக்குறி வரியாவது வருமா என்றால், அதுவும் வருவதில்லை. இரு வரிகளுக்கிடையிலான ஒற்றுமை விகிதம் 0.75ஐ எட்டினால் மட்டுமே என்டிஃப் அந்தச் சுட்டு வரியை உருவாக்கும். நான்கு எண்கள் கொண்ட சரமும் ஐந்து எண்கள் கொண்ட சரமும் மூன்றில் ஒத்துப்போனால் விகிதம் ஏறத்தாழ 0.67தான். ஆகவே நீண்ட வாக்கியத்தில் ஓர் எழுத்து பிசகினால் கருவி விரலை நீட்டிக் காட்டும்; குறுஞ்சொல்லில் பிசகினால் பேசாமல் இருந்துவிடும். வழுநீக்குபவர்கள் வழக்கமாகச் செய்வது சிக்கலை மிகச் சிறிய எடுத்துக்காட்டாகச் சுருக்குவது என்பதால், சுருக்கச் சுருக்க உதவி மறைந்துகொண்டே போகும் இந்த நடத்தை எரிச்சலூட்டக்கூடியது.

சுட்டு வரி வந்தாலும் அதைத் தமிழில் நம்பிப் படிக்க முடியாது. மேல்நோக்கிய அந்தக் குறி வரியின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை என்டிஃப் எண்களை எண்ணியே தீர்மானிக்கிறது, திரையில் எழுத்து பிடிக்கும் இடத்தை அளந்து அன்று. புள்ளியும் சில உயிர்க்குறிகளும் தனி எண்களாகக் கணக்கில் சேர்ந்தாலும் தனி இடம் பிடிப்பதில்லை. அதனால் வரி நீள நீளக் குறி வலப்பக்கம் விலகிக்கொண்டே போய், தவறே இல்லாத ஒரு சொல்லின் கீழ் நிற்கும். இது பைடெஸ்டின் குற்றமன்று, அது நம்பியிருக்கும் நூலகத்தின் வரம்பு என்றாலும், பயனருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது.

இதைவிடக் கடினமான வகை ஒன்று உண்டு. அவர் என்ற சொல்லில் ரகர எழுத்துக்குப் பதிலாகத் துணைக்காலை இட்டு, அதன்மேல் புள்ளி வைத்து அவா் என்று தட்டச்சிடும் வழக்கம் தமிழ் இணைய உரைகளில் பரவலாகக் காணப்படுகிறது. முன்னதில் உள்ளது 2992, பின்னதில் உள்ளது 3006. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஔகார உயிரெழுத்தாகிய 2964ஐ இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியே இட்டு ஒள என்று எழுதுவதும் இத்தகையதே. இவை யூனிகோடு தரநிலையின்படி நிகரானவை அல்ல. எந்த இயல்பாக்க வடிவுக்கு மாற்றினாலும் சமமாகமாட்டா. எனவே பைடெஸ்டின் என்எஃப்டி சோதனை இவற்றைக் கண்டுகொள்ளாது. இவை எல்லாமே அச்சிடத்தக்க எழுத்துகள் என்பதால் ரெப்ரும் எதையும் வெளிப்படுத்தாது. இலத்தீன் எழுத்து ஒன்றின் இடத்தில் அதே உருவம் கொண்ட சிரில்லிக் எழுத்து நுழைந்துவிட்டாலும் இதே கதைதான். 97க்கும் 1072க்கும் இடையே உள்ள தூரம் கண்ணுக்குத் தெரியாது. முதல் வரியும் கைவிட்டு, பட்டியலும் கைவிட்ட நிலையில், கருவி நம்மிடம் தருவது ஒரே சொல்லின் இரண்டு பிம்பங்கள் மட்டுமே.

நீண்ட உரைகளில் சுருக்கும் பழக்கம் இன்னொரு தடை. இயல்பான நிலையில் சுருக்க வரியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கிடைப்பது மிகக் குறுகிய இடம். சரம் அதைத் தாண்டினால் நடுப்பகுதி மூன்று புள்ளிகளாகிவிடும். வழு அந்த நடுப்பகுதியில் இருந்தால், மேலே நான் புகழ்ந்த வரி முழுவதும் வீண். பட்டியலிலோ, தொடக்கத்தில் 42க்கு மேற்பட்ட எழுத்துகள் ஒத்திருந்தால், சூழலுக்காகச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டதாக ஒரு குறிப்பு வரும். வெட்டும் இடத்தையும் எண்களைக் கொண்டே தீர்மானிப்பதால், தமிழ் வரி சில நேரம் தன் மெய்யை இழந்த ஓர் உயிர்க்குறியோடு தொடங்கி, வெற்று வட்டத்தின்மேல் தொங்கிக்கொண்டு நிற்கும். விளக்கம் முழுவதும் 8 வரிகளைத் தாண்டினால் மிச்சமும் மறைக்கப்படும். இவை யாவற்றுக்கும் ஒரே மாற்று, கட்டளையில் விளக்கத்தை விரிவாக்கும் வீ என்ற விருப்பை இரட்டையாக இடுவது. ஒற்றை வீ போதாது. அது தொடக்கப் பகுதியை மீட்டுத் தருமே தவிர, சுருக்க வரியின் மூன்று புள்ளிகளை நீக்காது. சரங்களை ஒப்பிடும் சோதனைகளை அதிகம் வைத்திருப்பவர்கள் திட்டத்தின் அமைவுக் கோப்பிலேயே இரட்டை வீயை எழுதிவைப்பது நல்லது. ஒன்று மட்டும் எச்சரிக்க வேண்டும்: ஒற்றுமை குறைந்த, மிக நீண்ட இரு உரைகளுக்கு என்டிஃப் ஓடும் நேரம் வேகமாகப் பெருகும். சோதனை தொங்கிப்போனதுபோல் தோன்றினால், தோற்ற ஒப்பீட்டின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

மேற்சொன்ன குறைகள் இருந்தும் இந்தக் கருவியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது நமக்காகத் திறந்துவைத்திருக்கும் ஒரு வாசல். கான்ஃப்டெஸ்ட் என்ற பெயரில் திட்டத்தில் வைக்கும் கோப்பில், அசர்ட் ஒப்பீட்டின் விளக்கத்தை நாமே எழுதித் தருவதற்கான கொக்கிச் செயற்கூறு ஒன்றை வரையறுக்கலாம். ஒப்பீட்டுக் குறி, இடப்பக்க மதிப்பு, வலப்பக்க மதிப்பு ஆகியவற்றை பைடெஸ்ட் அதற்குக் கொடுக்கும். நாம் வரிகளின் பட்டியல் ஒன்றைத் திருப்பித் தந்தால் தன்னுடைய விளக்கத்துக்குப் பதிலாக அதை அச்சிடும். நன் என்ற வெற்று மதிப்பைத் தந்தால் தன் வழக்கமான விளக்கத்துக்குத் திரும்பும். குறி சமக்குறியாகவும் இரு மதிப்புகளும் சரங்களாகவும் இருக்கும்போது மட்டும் தலையிட்டு, இரண்டின் நீளத்தையும், முதன்முதலாக வேறுபடும் இடத்தையும், அந்த இடத்தில் இருபுறமும் உள்ள எழுத்துகளின் யூனிகோடு எண்களையும், பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியிலிருந்து பெற்ற அவற்றின் பெயர்களையும் சொன்னால் போதும். அவர் என்ற சொல்லின் சிக்கல் உடனே அவிழ்ந்துவிடும்: மூன்றாம் இடத்தில் ஒருபுறம் ரகர எழுத்து, மறுபுறம் ஆகார உயிர்க்குறி என்று பெயரோடு வந்து நிற்கும். என்எஃப்சி எனப்படும் சேர்த்த இயல்பு வடிவில் இரண்டும் சமமாகின்றனவா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொண்டால், இயல்பாக்கம் செய்து தீர்க்கக்கூடிய சிக்கலா, தட்டச்சைத் திருத்தியே தீர்க்க வேண்டியதா என்பதும் தெளிவாகும்.

இதை எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. கட்டுப்பாட்டு எழுத்துகளுக்கு யூனிகோட்டேட்டாவில் பெயர் கிடையாது. பெயர் இல்லாதபோது தர வேண்டிய மாற்று மதிப்பைக் கொடுக்காமல் அழைத்தால், விளக்கம் சொல்ல வந்த செயற்கூறே பிழை எழுப்பி விழுந்துவிடும். ஒரு சரம் மற்றதன் முற்பகுதியாக மட்டும் இருந்தால் வேறுபடும் எழுத்து என்று ஒன்று ஒரு பக்கத்தில் இருக்காது. அதையும் தனியே கையாள வேண்டும். 8 வரிக் கட்டுப்பாடு நம் விளக்கத்துக்கும் பொருந்தும் என்பதால் அதற்குள் முடித்துக்கொள்வது நலம்.

இயல்பாக்கத்தைச் சோதனைக்குள்ளேயே செய்துவிட்டு ஒப்பிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. பைடெஸ்ட் அப்படித் தானாகச் செய்யாமல் இருப்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தரவுத்தளத்தில் தேடும் நிரல் எண்களைக் கொண்டே தேடுமாயின், சோதனை மட்டும் பெருந்தன்மையாக நடந்துகொண்டு என்ன பயன்? வடிவை மாற்ற வேண்டிய இடம் உரை நிரலுக்குள் நுழையும் வாயில்.

யூனிட்டெஸ்டோடு ஒப்பிட்டால், அங்கும் அதே என்டிஃப் பட்டியல்தான். பட்டியல் 640 எழுத்துகளைத் தாண்டினால் மறைக்கப்படும், மேக்ஸ்டிஃப் என்ற பண்புக்கு நன் என்ற வெற்று மதிப்பைக் கொடுத்தால் முழுவதும் வரும். பைடெஸ்ட் அதைவிடச் சற்று முன்னே நிற்கிறது என்றாலும் எல்லா ஒப்பீடுகளிலும் இல்லை. ஒரு சொல் நீண்ட உரைக்குள் இருக்கிறதா என்று இன் என்ற சொல்லைக் கொண்டு சோதித்துத் தோற்றால், இரு சரங்களையும் அச்சிடுவதோடு நிறுத்திக்கொள்கிறது. கிட்டத்தட்ட ஒத்த இடம் எது என்று தேடித் தருவதில்லை. அசர்ட் கூற்றைச் சோதனைக் கோப்பில் எழுதாமல் வேறொரு துணைக் கோப்பில் எழுதினால், அந்தக் கோப்பைத் திருத்தி எழுதும்படி முன்கூட்டியே பதிவு செய்யாத வரையில், விளக்கம் எதுவுமின்றி வெறும் பிழைப் பெயர் மட்டுமே கிடைக்கும். பல சோதனைகளுக்குப் பொதுவான சர ஒப்பீட்டைத் தனிக் கோப்பில் வைப்பது நல்ல பழக்கம் என்பதால், ஒழுங்காக எழுதுபவர்களே இந்தப் பள்ளத்தில் அதிகம் விழுகிறார்கள்.

கடைசியாக ஒரு முரண். ஒரே சோதனையைப் பல உள்ளீடுகளோடு ஓட்டும்போது, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அந்த உள்ளீட்டிலிருந்தே பைடெஸ்ட் ஒரு பெயர் வைக்கிறது. உள்ளீடு தமிழ்ச் சொல்லாக இருந்தால் அந்தப் பெயர் முழுவதும் பின்சாய்கோடுகளும் பதினறும எண்களுமாக வரும். எந்தச் சொல்லில் சோதனை தோற்றது என்பதைப் பார்த்தவுடன் அறிய எழுத்துகளை உள்ளபடியே காட்ட வேண்டிய இடத்தில் எண்களையும், எண்களைக் காட்ட வேண்டிய இடத்தில் எழுத்துகளையும் காட்டுகிறது. இதை நிறுத்த ஓர் அமைவு உண்டு. அதை இயக்குபவர் சமூக ஆதரவுக்கான தம் உரிமைகள் யாவற்றையும் துறக்கிறார் என்ற வாசகத்தையும் அந்த அமைவின் நீண்ட பெயரிலேயே சேர்த்துவைத்திருக்கிறார்கள். தமிழ்ச் சரங்களைச் சோதிப்பவர்கள் தயங்காமல் துறக்கலாம். அல்லது ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தாமே ஒரு பெயரைக் கொடுத்துவிடலாம்.